லட்சத்துக்கு ஆயிரம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் 1990-களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் நினைவிருக்கும். "லட்சத்துக்கு ஆயிரம்." ஒரு லட்சம் ரூபாயைப் போட்டு வைத்தால் மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி வரும். அதாவது வருடத்துக்கு 12 சதவீதம். எவ்வளவு சேர்ந்தால் வேலையை விடலாம் என்று யார் கேட்டாலும், டீக்கடையில் உட்கார்ந்தபடியே இதை வைத்துப் பதில் சொல்லிவிடுவார்கள். மாதச் செலவு மூவாயிரமா? மூன்று லட்சம் வேண்டும். ஐயாயிரமா? ஐந்து லட்சம். சுருக்கமாக, நூறு மாதச் செலவு கையில் இருந்தால் போதும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், பி.எப்., இ.எஸ்.ஐ. எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். வேலையை விடுகிறவர்கள் "கணக்கு முடிச்சுடுங்க சார்" என்று முதலில் வந்து நிற்பதும் அங்கேதான். அதனால் இந்த நூறு மாதக் கணக்கு எப்படிப் பிறந்தது, எப்படிச் செத்தது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தொகை வந்த கதை

எங்கள் தாத்தா காலத்து டேனரிகளில் ஓய்வு என்று ஒரு சொல்லே கிடையாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் அது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நனைந்த தோலைத் தூக்கக் கை ஒத்துழைக்கும்வரை வேலை. அதற்குப் பிறகு மகன் சோறு போடுவான். கையில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கையில் எதுவும் இல்லை.

பி.எப். முதலில் 1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 1952 மார்ச்சில் முழுச் சட்டமானது. தொடக்கத்தில் ஆறு தொழில்களுக்கு மட்டும்தான்: சிமெண்ட், சிகரெட், இன்ஜினியரிங், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி. தோல் அந்த ஆறில் இல்லை, பிறகுதான் சேர்ந்தது. ஆரம்பத்தில் 50 பேர் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் என்று இருந்ததை 1960-ல் 20 பேராகக் குறைத்தார்கள். அப்படியும் இருபதுக்கு உட்பட்ட ஆட்களை வைத்து நடந்த சின்ன டேனரிகள் வெளியிலேயே நின்றன. 1972-ல் கிராஜுவிட்டி சட்டம் வந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம்.

அதே 1972-ல் தான் சீதாராமய்யா கமிட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் குறைக்க வேண்டும், முழுதாக முடித்த தோலாகவும் பொருளாகவும் அனுப்ப வேண்டும் என்று சொன்னது. அரசும் அந்த வழியில் போனது. அதன் பலனாகத்தான் நம் பக்கம் ஷூ கம்பெனிகள் பெருகின. டேனரியில் ஆண்கள் வேலை செய்த ஊரில், ஸ்டிச்சிங் லைனில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பி.எப். கணக்கு. எண்பதுகளின் கடைசியில், தொழிலாளி வீட்டில் முதல்முறையாக ஒரு மொத்தத் தொகை கண்ணில் பட்டது. அதை என்ன செய்வது என்ற கேள்வியும் அதனோடு வந்தது.

நேரமும் கூடி வந்தது. 1989-90 முதல் 1999-2000 வரை பி.எப். வட்டி ஒரே நிலையாக 12 சதவீதம். பி.பி.எப். 12 சதவீதம். 1987-ல் போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டம் தொடங்கியபோது அதுவும் 12 சதவீதம். பத்து வருடத்துக்கு மேல் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது இயற்கை விதி மாதிரி ஆகிவிடும். பாலாற்றில் தண்ணீர் வற்றினாலும் 12 சதவீதம் வற்றாது என்று நம் ஜனங்கள் நம்பியதில் வியப்பில்லை.

கேட்காமல் வந்த ஓய்வு

1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட டேனரிகள். ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும், அல்லது சொந்தமாகச் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். பாலாற்றுக்கும் கிணற்றுக்கும் நேர்ந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று நடந்தது. சின்ன டேனரிகளில் வேலை பார்த்த நாற்பத்தைந்து, ஐம்பது வயது ஆண்கள் பலர் ஒரே சமயத்தில் வேலையில்லாமல் நின்றார்கள். எங்கள் கேட்டில் வந்து கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பி.எப். இருந்தவருக்கு ஒரு தொகை கிடைத்தது, இல்லாதவருக்கு அதுவும் இல்லை. இவர்கள் யாரும் "போதுமா" என்று யோசித்து வேலையை விடவில்லை. முன்கூட்டியே ஓய்வு பெறுவதைப் பற்றிப் பேசும்போது, அது எப்போதும் நாம் தேர்ந்தெடுத்த நாளில் வராது என்பதை இவர்கள்தான் நமக்குக் காட்டினார்கள். அறுபது வரை வேலை இருக்கும் என்று நினைத்துச் சேமிப்பைத் தள்ளிப்போடுகிறவருக்கும் இதே கணக்கு பொருந்தும்.

வி.ஆர்.எஸ். வருடம்

நூறு மாதக் கணக்குக்கு உண்மையான பரீட்சை 2000-2001-ல் வந்தது. அரசு வங்கிகளில் ஆள் அதிகம் என்று விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தார்கள். 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது ஆனவர் கேட்கலாம். ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதியிருக்கும் மாதங்களின் சம்பளம், இதில் எது குறைவோ அது. நாடு முழுவதும் ஏறத்தாழ 1 லட்சம் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கிளைகளில் பழகிய முகங்கள் திடீரென்று காணாமல் போனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

எனக்குப் பழக்கமான வங்கிக்காரர் ஒருவர் அதில் வந்தவர். அவருக்கு அப்போது 49 வயது. பழைய பி.எப். முறையிலேயே இருந்தவர், பென்ஷன் கிடையாது. எல்லாம் சேர்த்துக் கையில் 12 லட்சம் வந்தது. போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் அன்றைக்கு 11 சதவீதம். அந்தக் கணக்கில் மாதம் 11,000 ரூபாய். அவருடைய கைச் சம்பளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "வேலைக்குப் போனாலும் பதினோராயிரம், வீட்டில் இருந்தாலும் பதினோராயிரம். எதுக்கு சார் பஸ் ஏறணும்?" என்று கேட்டார். காகிதத்தில் அவர் கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

பிறகு நடந்ததைப் பார்ப்போம். பி.பி.எப். வட்டியை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். 2000 ஜனவரியில் 12-லிருந்து 11. 2001 மார்ச்சில் 9.5. 2002 மார்ச்சில் 9. 2003 மார்ச்சில் 8. மூன்று வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வங்கி டெபாசிட் இன்னும் கீழே இறங்கி 6 சதவீதத்தைத் தொட்டது, அதற்கும் கீழே போனது. 12 லட்சத்துக்கு 6 சதவீதம் என்றால் மாதம் 6,000. அதே மனிதர், அதே தொகை. பாதி வருமானம் காணோம். இடையில் பால், பஸ், கல்லூரிக் கட்டணம் எதுவும் பாதியாகவில்லை.

இதில் இன்னொரு அடி. 1964-ல் இருந்து நடுத்தரக் குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது யூனிட் டிரஸ்டின் யூ.எஸ். 64. 2001 ஜூலையில் அதில் வாங்குவதையும் விற்பதையும் ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள். வி.ஆர்.எஸ். பணத்தை அதில் போட்டவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் அதை 6.75 சதவீத வரியில்லாப் பத்திரமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டு, யோசித்துப் பார்த்துத் திரும்பப் பெற முயன்றவர்களும் இருந்தார்கள். முடியாது என்று வங்கிகள் சொல்ல, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பேங்க் ஆஃப் இந்தியாவுக்கு எதிராக ஓ.பி. சுவர்ணகார் என்பவர் பெயரில் அறியப்படும் அந்த வழக்கில் 2002 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தேசியமயமான வங்கிகளைப் பொறுத்தவரை, விண்ணப்பத்தை வங்கி ஏற்குமுன் திரும்பப் பெற்றது செல்லும். ஆனால் பணத்தை வாங்கி அனுபவித்தவர் திரும்ப முடியாது. நம் விஷயத்தில் இதன் பாடம் ஒன்றுதான்: வேலையை விடுவதற்கு முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் மனம் மாறலாம், செக்கை மாற்றிய பிறகு முடியாது.

என் நண்பர் தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படி என்றால், தொகையில் பாதிக்கு மேல் குடும்பத்தார் பெயர்களிலும் பிரித்து போஸ்ட் ஆபீசில் ஆறு வருடத்துக்குப் போட்டிருந்தார். போட்ட நாள் வட்டியே கடைசிவரை வந்தது. ஒரு வருட டெபாசிட்டில் போட்டவர்களுக்கு அடுத்த வருடமே அடி விழ, இவருக்கு 2006 வரை மூச்சு விட நேரம் கிடைத்தது. அந்த இடைவெளியில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் பில் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதாவது, ஓய்வு பெற்றவர் மறுபடி பஸ் ஏறினார்.

வட்டி வேண்டாதவர்கள்

நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்த லட்சத்துக்கு ஆயிரம் என்ற பேச்சே பொருந்தாது. வட்டி வாங்குவது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஒதுக்கிய முஸ்லிம் குடும்பங்களில் கணக்கு வேறு மாதிரி. கையில் கொஞ்சம் சேர்ந்தால் ஒரு மனை, அதில் ஒரு வீடு, பின்னால் இரண்டு போர்ஷன், தெருப் பக்கம் ஒரு கடை. எங்கள் கட்டிங் செக்ஷனில் இருந்த ஒரு பாய், "எத்தனை லட்சம் இருக்குன்னு கேக்காதீங்க, எத்தனை கதவு வாடகைக்கு விட்டிருக்கீங்கன்னு கேளுங்க" என்பார். நான்கு கதவு ஆனதும் 54 வயதில் நின்றுவிட்டார்.

அவர் நம்பிக்கைக்காகச் செய்தது, கணக்குப் பார்த்தாலும் சரியாகவே வந்தது. வட்டி விலைவாசியோடு ஏறாது, வாடகை ஏறும். 2000-ல் ஒரு சவரன் தங்கம் 4,000 ரூபாய்க்குள் இருந்தது, 2011-ல் 20,000-ஐ எட்டியது. அந்தப் பதினொரு வருடத்தில் டெபாசிட்காரரின் மாத வட்டி இறங்கியது, பாயின் வாடகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. வாடகையிலும் தொல்லை உண்டு. காலியாகக் கிடக்கும், மராமத்து வரும், தராமல் ஓடுகிறவனும் உண்டு. இருந்தாலும் ஓய்வுக்குப் பின் வரும் வரவில் ஒரு பங்காவது விலைவாசியோடு ஏறக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விஷயத்தை நம் ஊரில் புத்தகம் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள்.

லைனில் இருக்கும் பெண்கள்

இந்தக் கேள்வி பணக்காரர்களின் கேள்வி என்று சிலர் நினைக்கலாம். என் மேஜையில் அப்படி இல்லை. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டவர்களில் மிகப் பலர் ஸ்டிச்சிங் பெண்கள்தான். காரணம் பெண்ணுக்குக் கல்யாணம், வீட்டுக்கு ஒட்டு, அல்லது பழைய கடன். வேலையில் இருந்தால் பி.எப். முழுதாக வராது, நின்றால் வரும். ஆகவே நிற்பார்கள். படிவம் 19-ல் பி.எப்., 10சி-யில் பென்ஷன் பணம். கொஞ்ச நாள் கழித்து வேறு கம்பெனியில் புதிதாகச் சேர்வார்கள்.

நட்டம் எங்கே என்றால் அந்த 10சி-யில். 1995 நவம்பர் 16 முதல் வந்த பென்ஷன் திட்டத்தில் பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் ஆயுள் முழுக்க மாதப் பென்ஷன். பணத்தை எடுத்தால் அதுவரை ஓடிய வருடங்கள் அழிந்துபோகும், அடுத்த கம்பெனியில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஏழு வருடம், ஆறு வருடம், எட்டு வருடம் என்று மொத்தம் 21 வருடம் உழைத்தும் பென்ஷனுக்கு ஒரு வருடமும் இல்லாதவர்களை நான் அறிவேன். பணத்தை எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தவர்களுக்கு எல்லா வருடமும் கூடிக்கொண்டே வந்தது.

ஒருமுறை 46 வயது அம்மா ஒருவர் வந்தார். பத்து வருடம் முடிய இன்னும் ஏழு மாதம். "பொண்ணுக்குத் தேதி வெச்சாச்சு சார், நான் என்ன பண்றது?" என்றார். கல்யாணச் செலவுக்கு முன்பணம் வாங்கப் படிவம் 31 என்று ஒன்று உண்டு, வேலையை விட வேண்டியதில்லை. அதை எழுதிக் கொடுத்தோம். ஏழு மாதம் கழிந்தது, பிறகும் அவர் நிற்கவில்லை. இன்று அவர் பென்ஷன்காரர்.

பென்ஷன் எவ்வளவு என்று கேட்பீர்கள். கடைசி ஐந்து வருடச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பர் முதல் சம்பள உச்சவரம்பு 15,000. அந்தச் சம்பளமும் 14 வருட சர்வீசும் இருந்தால் மாதம் 3,000. இது 58 வயதில். 50-லேயே வேண்டுமென்றால் வருடத்துக்கு 4 சதவீதம் குறைத்து, முக்கால் பங்குக்கும் குறைவாகத் தருவார்கள். அகவிலைப்படி கிடையாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்ததுதான் இன்னும் இருக்கிறது. சின்னத் தொகைதான். ஆனால் சாகும்வரை வரும், கணவன் அல்லது மனைவிக்கும் ஒரு பங்கு தொடரும்.

2016-ல் அரசு, கம்பெனி போட்ட பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அந்த ஏப்ரலில் பெங்களூரில் கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்க, 19-ம் தேதியே விதியைத் திரும்பப் பெற்றார்கள். டெல்லியில் இருப்பவருக்கு அது முதுமைக்கான பணம். தையல் மெஷினில் இருப்பவருக்கு அது ஒன்றுதான் சேமிப்பு. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

இன்றைய கணக்கு

அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். 1926 முதலான பங்கு, பத்திர விவரங்களை வைத்துப் பார்த்தால், முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனாலும் 30 வருடத்துக்குப் பணம் தாங்கும் என்றார். அதாவது 25 வருடச் செலவு கையில் இருக்க வேண்டும். நம் பாஷையில் 300 மாதம். அதே 1990-களில் நாம் 100 மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 சதவீத வட்டிக்கு 100 மாதம். 8 சதவீதத்துக்கு 150 மாதம். விலைவாசியையும் சேர்த்தால் 300 மாதம். குடும்பச் செலவு 20,000 என்றால் முறையே 20 லட்சம், 30 லட்சம், 60 லட்சம். 2004-ல் வந்த மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போது 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீதத்தில் மாதக் கணக்குக்கு 20,500 வரும். 60 வயதானவருக்கு, விருப்ப ஓய்வு பெற்றவர் என்றால் 55-லேயே. இன்றைக்கு அது சரியாக இருக்கும். ஆனால் விலைவாசி வருடம் 7 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் அந்த 20,000 ஏறத்தாழ 40,000 ஆகிவிடும். வட்டி அதே 20,500-ல் நிற்கும். எழுபது வயதில் ஓய்வு பெறுகிறவர் இதைத் தாங்குவார். ஐம்பதில் நிற்கிறவருக்கு முன்னால் முப்பத்தைந்து வருடம் இருக்கிறது.

மருத்துவத்தைத் தனியாகப் பாருங்கள். இ.எஸ்.ஐ.-யில் ஐந்து வருடம் இருந்து ஓய்வு வயதிலோ விருப்ப ஓய்விலோ வந்தவர்கள், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைக்கும் சிகிச்சையைத் தொடரலாம். நம் பகுதியில் இது தெரியாமல் விட்டவர்கள் ஏராளம்.

இப்போதும் வேலையை விடலாமா என்று கேட்டுச் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். எத்தனை லட்சம் இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. வயது என்ன, மாதச் செலவு என்ன, பத்து வருடம் கழித்து இன்றைக்கு இருப்பதைவிட அதிகமாகத் தரக்கூடிய வரவு எது என்று மூன்று கேட்பேன். முதல் இரண்டுக்கும் உடனே பதில் வரும். மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால், இன்னும் கொஞ்ச நாள் வேலைக்குப் போகச் சொல்லி அனுப்புகிறேன்.